லஸ் முனையிலிருந்து பத்து நிமிட நடை

மயிலாப்பூரில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் சதுர அடியில் ஆரம்பித்து சதுர அடியிலேயே மனம் தளர்ந்துவிடுகிறார்கள். இதே வாடகைக்கு மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை, பால்கனி, லிஃப்ட் எல்லாம் கிடைக்கும். இங்கே ஒரு படுக்கையறை, மூன்றாவது மாடி, படியேறித்தான் போகவேண்டும் என்பார்கள். ஆனால் மயிலாப்பூரில் கொடுக்கும் வாடகையில் பாதி வீட்டுக்கு, மீதிப் பாதி வாசலுக்கு வெளியே இருப்பதற்கு. காய்கறிக்கடை, பூங்கா, மருத்துவமனை, ரயில், கோயில், கடற்கரை, டிசம்பரில் கச்சேரி என்று எல்லாமே நடந்து போகிற தூரத்தில் இருக்கின்றன. அண்ணா சாலை மூன்று நான்கு கிலோமீட்டர்தான். இதையெல்லாம் பயன்படுத்தப்போகிற ஆளா நீங்கள் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் காரில் கிளம்பி இரவு ஒன்பதுக்குத் திரும்பி, சாமான்களையெல்லாம் ஆப்பில் வரவழைக்கிறவர் என்றால் இந்த வாடகை உங்களுக்கு நஷ்டம்.

வீட்டைப் பார்க்கும் முன்னால் ஒரு நாள் ஒதுக்கித் தெருவைப் பாருங்கள். லஸ் முனையில் நின்று நான்கு பக்கமும் பத்துப் பத்து நிமிடம் நடந்தால் நான்கு வேறு வேறு ஊர்கள் தெரியும்.

மேற்கே லஸ் சர்ச் சாலை. மரங்கள், அகலமான மனைகள், பழைய பங்களாக்களை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகள். நாகேஸ்வர ராவ் பூங்கா இந்தப் பக்கம்தான். அமைதி அதிகம், வாடகையும் அதிகம். அப்படியே நடந்தால் ஆழ்வார்பேட்டை.

கிழக்கே கச்சேரி சாலையும் கபாலீஸ்வரர் கோயிலின் மாட வீதிகளும். மயிலாப்பூர் என்றதும் எல்லோர் மனதிலும் வருகிற மயிலாப்பூர் இதுதான். குறுகிய சந்துகள், ஓட்டு வீடுகள், பல குடித்தனங்கள் ஒரே வளாகத்தில் இருக்கும் ஸ்டோர் வீடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் சில, மூன்று மாடிக்கு மேல் போகாத எண்பதுகளின் ஃபிளாட்டுகள். கச்சேரி சாலையில் பள்ளிவாசல் இருக்கிறது, நாட்டு மருந்துக்கு டப்பா செட்டிக் கடை இருக்கிறது. சாலையின் முடிவில் சாந்தோம், அதைத் தாண்டினால் கடல். லஸ் முனைக்குப் பக்கத்திலேயே உள்ள பிரகாச மாதா கோயிலின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் காட்டுகிறது. சென்னை என்ற நகரம் உருவாவதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தையது. பல சமயத்தார் அடுத்தடுத்த தெருவில் வாழ்ந்து பழகிய பேட்டை இது. அந்தப் பழக்கம் வீடு வாடகைக்கு விடும்போது எல்லோரிடமும் தெரிவதில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தெற்கே மந்தைவெளி. நடுத்தரக் குடும்பத்துக்கு என்னைக் கேட்டால் முதலில் இங்கே பாருங்கள் என்பேன். மாட வீதியின் நெரிசல் இல்லை, பஸ் வசதியும் பறக்கும் ரயில் நிலையமும் இருக்கின்றன, அன்றாடச் சாமான்களுக்கு மயிலாப்பூர் வரை வரவும் வேண்டாம். வடக்கே முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கமும் ராயப்பேட்டையை ஒட்டிய தெருக்களும். வாடகை சற்றுக் குறையும். நகரத்தின் நடுப்பகுதிக்கு இதுதான் இன்னும் நெருக்கம்.

பூங்காக்கள்

நாகேஸ்வர ராவ் பூங்கா நான்கு ஏக்கர் சொச்சம்தான். ஒரு காலத்தில் ஆரத்தான் குட்டை என்று அழைக்கப்பட்ட சதுப்பு நிலம் அது. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தன் செலவில் அதைச் சீர்செய்து நகரத்துக்குக் கொடுத்தார். 1940இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆந்திரத்தின் கடலோர மாவட்டத் தலைவர்களும் ராயலசீமைத் தலைவர்களும் 1937இல் கையெழுத்திட்ட ஸ்ரீபாக் ஒப்பந்தம் லஸ் சர்ச் சாலையில் இருந்த அவருடைய ஸ்ரீபாக் இல்லத்தில்தான் ஏற்பட்டது. ஒரு தனிமனிதர் ஊருக்கென்று கொடுத்த நிலம் இத்தனை வருஷம் ஆக்கிரமிப்பில் போகாமல் ஊருக்கே இருப்பது நம் நகரங்களில் அபூர்வம். அதற்கு முக்கியக் காரணம், அங்கே தினமும் நடக்க வருகிறவர்கள்.

காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நடைபாதையில் ஒரே திசையில் ஆள் ஓட்டம். உள்வட்டத்தில் வேகமாக நடக்கிறவர்கள், ஓரமாகக் கைத்தடியோடு மெதுவாகப் போகிறவர்கள். ஷட்டில் மைதானத்தில் ‘அவுட்டா, இன்னா’ என்ற தகராறு. சிமென்ட் மேடையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பிராணாயாமம் செய்யும் பெண்கள். சதுரங்கத்துக்கென்று ஒரு சதுக்கம் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் அங்கே மைக் இல்லாமல் பிள்ளைகள் பாடுகிறார்கள். கேட்வாசலில் அருகம்புல் சாறு, முளைகட்டிய பயறு, கட்டுக்கட்டாகக் கீரை. இந்தத் தெருக்களில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை ஒரு வாரம் இங்கே நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். எந்த வீடு காலியாகப் போகிறது என்ற செய்தியும் புரோக்கருக்கு முன்பே இங்கேதான் வரும். வீடு தேடுகிறீர்கள் என்று நடக்கிற கூட்டத்தில் இரண்டு பேரிடம் சொல்லிவையுங்கள்.

மற்றப் பூங்காக்கள் தினசரிக்கு ஆகாது, விடுமுறைக்கு ஆகும். கதீட்ரல் சாலையில், பழைய டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் இருந்த இடத்தில் 2010இல் திறந்த செம்மொழிப் பூங்கா சுமார் 20 ஏக்கர். நுழைவுக் கட்டணம் உண்டு. அதற்கு எதிரே 2024இல் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்திருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய 58 ஏக்கர் தொல்காப்பியப் பூங்கா பறவை பார்க்கிறவர்களுக்குப் பெரிய வரம், ஆனால் நேரம் விசாரித்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மெரினாவுக்கு மாட வீதியிலிருந்து அரைமணிக்குள் நடந்துவிடலாம். போகிற வழியில் நொச்சிக்குப்பம், பட்டினப்பாக்கம் பக்கம் காலையில் மீன் வாங்கலாம். படகில் வந்த மீன், பேரம் பேசினால் விலையும் இறங்கும்.

நகரத்துக்குள் போய்வர

பறக்கும் ரயிலை மயிலாப்பூர்க்காரர்களே குறைவாகப் பயன்படுத்துவது எனக்கு வருத்தம். திருமயிலை நிலையத்தில் ஏறினால் வடக்கே முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், சிந்தாதிரிப்பேட்டை, அடுத்து பூங்கா நகர். அங்கே இறங்கினால் சென்ட்ரல். தெற்கே மூன்றாவது நிலையம் கோட்டூர்புரம். அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அங்கிருந்து நடந்து போகலாம். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? திருவான்மியூர் நிலையத்தில் இறங்கினால் டைடல் பார்க் பக்கத்தில். குறைந்த கட்டணம் 5 ரூபாய். குறையும் இருக்கிறது: நிலையங்கள் பிரம்மாண்டமாகக் கட்டி வெறிச்சோடிக் கிடக்கின்றன. இரவு ஒன்பதுக்கு மேல் தனியாக வரும் பெண்களுக்கு அந்தப் படிக்கட்டுகள் நிம்மதியாக இருக்காது. இரவுப் பணி உள்ளவர்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வீடு பார்ப்பது நல்லது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே முதல் பயணம் இலவசம். தியாகராய நகர் போகும் 5பி போன்ற வண்டிகளில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு மாதக் கணக்கில் இது பெரிய தொகை.

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலையால் லஸ் முனையின் உருவமே மாறிக் கிடக்கிறது. மூன்றாவது, நான்காவது வழித்தடங்கள் இரண்டும் திருமயிலையில் பூமிக்கடியில் சந்திக்கப்போகின்றன. ஆழத்தில் பல அடுக்காக அமையும் நிலையம். அது முடியும்வரை தகரத் தடுப்பு, ஒருவழிப்பாதை, தூசு எல்லாம் உண்டு. முடிந்தபின் வாடகை ஏறும் என்பதும் நிச்சயம். ஆர்.கே. மடம் சாலையை ஒட்டிய வீடுகளைப் பார்க்கப் போகும்போது மாலை ஆறு மணிக்குப் போங்கள். பகல் பதினொன்றுக்குப் போனால் உண்மை நிலை தெரியாது.

காரைப் பற்றி ஒரே வார்த்தை: மூடிய பார்க்கிங் எழுத்தில் இல்லையென்றால் மாட வீதிப் பக்கம் போகவே வேண்டாம்.

வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

முதலில் தண்ணீர். கடல் இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பதால் கோடையில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்கள் நிறைய. வீட்டுக்காரர் ‘தண்ணி கஷ்டமே கிடையாது’ என்று சொன்னால் எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் தனித்தனியாகத் திறந்து நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே ருசி என்றால் மெட்ரோ வாட்டரையும் போரையும் ஒரே சம்பில் கலக்கிறார்கள் என்று அர்த்தம். குடிக்கக் கேன் தண்ணீர்தான். ஷவர் துளைகளில் வெள்ளைப் படிவு, பக்கெட்டின் அடியில் செம்மண் நிறம், குழாய் மூட்டில் பச்சைப் பாசி எல்லாம் வருஷக்கணக்கான தண்ணீர்ச் சரித்திரம். சம்ப் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மெட்ரோ வாட்டர் என்னென்ன நாளில், எத்தனை மணிக்கு வருகிறது, மோட்டார் போடும் பொறுப்பு யாருடையது என்பதை மேல் வீட்டாரிடமும் கீழ் வீட்டாரிடமும் தனியாக விசாரியுங்கள். இரண்டு பதிலும் பொருந்தினால் சரி. மழைநீர் சேகரிப்பு 2003இலேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அந்தக் குழி இப்போது மண் மூடிக் கிடக்கிறதா, மழைநீர் உண்மையிலேயே இறங்குகிறதா என்று பாருங்கள். பங்குனியில் கோயில் குளத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை வைத்து அந்த வருஷக் கோடையைக் கணிக்கிற பெரியவர்கள் மாட வீதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசினால் புரோக்கர் சொல்லாததெல்லாம் தெரியவரும்.

அடுத்தது மழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தத் தெருவில் எதுவரை தண்ணீர் நின்றது என்ற கேள்வியை வீட்டுக்காரரிடம் கேட்பதைவிடத் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறவரிடம் கேட்பது மேல். அவர் கையை முழங்காலில் வைத்துக் காட்டுவார், அல்லது சிரித்துவிட்டு ‘இங்க நிக்காது சார்’ என்பார். தரைத்தள வீடென்றால் சுவரின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். ஒரே மட்டத்தில் பெயின்ட் உப்பியிருந்தாலோ, ஒரு முழ உயரத்துக்கு மட்டும் புது டைல்ஸ் ஒட்டியிருந்தாலோ தண்ணீர் வந்த வீடு அது. ஈ.பி. மீட்டர் பெட்டி இடுப்புக்குக் கீழே இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இது உயிர் விஷயம், கூச்சப்பட வேண்டாம்.

பறக்கும் ரயிலின் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே நிற்கின்றன. ரயிலுக்கு இரண்டு நிமிடம் என்று விளம்பரம் செய்யும் வீடு பெரும்பாலும் கால்வாய்க்கும் இரண்டு நிமிடம்தான். கோடையில் வாடை, வருஷம் முழுக்கக் கொசு. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த வீட்டில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல்களில் கொசுவலை இருந்தால், கதவுகள் ஒழுங்காக மூடினால், யோசிக்கலாம்.

மின்சாரத்துக்கு உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு, தனி மீட்டர் இருக்கவேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது இணைப்புக்கு ஒன்று. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று வீட்டுக்காரரே வசூலித்தால் அந்தச் சலுகை உங்களுக்கு வராது. அதையும் வாடகையோடு கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

அட்வான்ஸும் எழுத்தும்

பத்து மாத அட்வான்ஸ் என்பது சென்னையின் பழைய வழக்கம். தமிழ்நாட்டின் வீட்டு வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்தபின், வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத பட்சத்தில் முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அந்த ‘வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாத’ என்ற வார்த்தையில்தான் பேரம் நடக்கிறது. ஐந்து, ஆறு என்று கேட்பார்கள். மூன்று என்று நீங்கள் ஆரம்பியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளதுதான்.

11 மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். பழைய பழக்கத்தில் சொல்வது அது. இந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதிவில்லாமல் பின்னால் தகராறு என்று போனால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும். வாடகையை உயர்த்த மூன்று மாத முன்னறிவிப்பு வேண்டும். கோபத்தில் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. குடிபோகும் நாளன்று ஒவ்வொரு அறையின் சுவர், தரை, குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பெயின்ட் செலவு என்று கடைசியில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கும்போது இது ஒன்றுதான் கைகொடுக்கும்.

யாருக்கு வீடு தருகிறார்கள்

இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிட்டால் இந்த நூல் நேர்மையானதாகாது. ‘சைவம் மட்டும்’ என்பதும், அதைவிட வெளிப்படையாகச் சாதியைக் கேட்பதும் இங்கே இன்னும் நடக்கின்றன. பெயரைக் கேட்டதும் வீடு ‘நேத்துதான் போச்சு’ என்றாகிவிடும். தனியாக இருக்கும் பெண்கள், கல்யாணம் ஆகாத இளைஞர்கள், முஸ்லிம், தலித் குடும்பங்கள் எல்லோரும் இதைச் சந்திக்கிறார்கள். இது அநியாயம். நல்ல அக்கம்பக்கம் என்று ஒரு பேட்டை பெயர் வாங்க வேண்டுமென்றால் முதலில் கதவைத் திறக்கத் தெரிய வேண்டும். வீடு வாடகைக்கு விடும் நிலையில் இருக்கும் வாசகர்கள், வாடகை ஒழுங்காக வருமா, வீட்டை நன்றாக வைத்துக்கொள்வார்களா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேடுகிறவர்களுக்கு நடைமுறை யோசனை: வெயிலில் அலைவதற்கு முன் போனிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சாந்தோம், கச்சேரி சாலையின் கிழக்குப் பகுதி, ராயப்பேட்டைப் பக்கத்துத் தெருக்கள், மந்தைவெளி ஆகியவற்றில் கோயிலைச் சுற்றிய தெருக்களைவிடக் கெடுபிடி குறைவு. வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியில்லாத ஃபிளாட்டுகளில் கேள்விகளும் குறைவு. வார இறுதியில் இலவசமாக வரும் மயிலாப்பூர் டைம்ஸின் வரி விளம்பரங்களைப் பாருங்கள். கேட்டில் தொங்கும் டு-லெட் அட்டைகளையும் பாருங்கள். நடந்து தேடுகிறவர்களுக்குப் புரோக்கர் கமிஷனாகப் போகும் ஒரு மாத வாடகை மிச்சமாகும்.

அக்கம்பக்கம்

ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். தெற்கு மாட வீதியில் வரிசையாகக் காய்கறிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். முதல் வாரம் யாரோ ஒருவரிடம் வாங்குவீர்கள். அவரிடமே போய்க்கொண்டிருந்தால் மூன்றாவது வாரம் ‘இந்தக் கத்திரிக்காய் வேணாம்மா, நாளைக்கு வாங்க’ என்று அவரே தடுப்பார். பூக்காரம்மாவும் இஸ்திரிக்காரரும் வாட்ச்மேனும் உங்களை வீட்டு எண்ணால் அறிந்துகொண்டு பிறகு பெயரால் அறிவார்கள். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தெருவில் நடக்கிற கூலியைக் கொடுங்கள், தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கூடக் கொடுங்கள். இந்தப் பேட்டையில் உங்கள் நற்பெயர் அங்கிருந்துதான் புறப்படும். புது வீட்டில் பால் காய்ச்சும் நாளன்று அதே மாடியில் உள்ளவர்களுக்கும் மேலும் கீழும் இருப்பவர்களுக்கும் ஒரு டம்ளர் காபி கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு இந்த ஊரில் குறைவில்லை. பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் வழியாகவே பஜ்ஜியும் பொங்கலும் தரும் ஜன்னல் கடையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவரோடு பேச்சு தானாக வரும். ராயர் மெஸ்ஸுக்குக் காலையில் சீக்கிரம் போகவேண்டும். கோடையில் காளத்தி கடை ரோஸ் மில்க்.

திருவிழாக் காலத்தைத் தெரிந்துகொண்டு குடியேறுங்கள். பங்குனிப் பெருவிழா பத்து நாள். தேரும் அறுபத்து மூவரும் வரும் நாட்களில் மாட வீதிக்குள் வண்டி நுழையாது. ஆபீஸுக்கு அன்று நடந்துதான் போகவேண்டும். வீட்டு வாசல்களில் நீர்மோரும் புளியோதரையும் கொடுப்பார்கள். நீங்களும் ஒரு அண்டா மோர் வைத்தால் அந்தத் தெருவில் புதியவர் என்ற பேச்சு அன்றோடு போய்விடும். நவராத்திரிக்கு முன் வடக்கு மாட வீதி முழுக்கப் பொம்மைக் கடைகள், தைப்பூசத்தில் மூன்று இரவு தெப்பம், மார்கழியில் பஜனையும் சபாக்களும். சத்தம் ஆகாதவர்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளிப் பார்ப்பது உத்தமம்.

குடிவந்த முதல் மாதம்

சாமான் வண்டியைக் காலை ஏழுக்குள் வரச் சொல்லுங்கள். எட்டுக்கு மேல் சந்துகளில் பள்ளி ஆட்டோக்கள் நிறைந்துவிடும். பீரோ படிக்கட்டில் திரும்புமா என்று முன்பே அளந்துவிடுங்கள், எண்பதுகளின் ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் திரும்பாது. கேஸ், வங்கி, ரேஷன் அட்டை முகவரிகளை மாற்றுங்கள். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். ஓட்டு பழைய ஊரிலேயே இருக்கிறவரின் புகாருக்கு இங்கே கவுன்சிலர் அலுவலகத்தில் யாரும் அவசரம் காட்டமாட்டார்கள். மாநகராட்சியில் மயிலாப்பூர் 9ஆவது மண்டலமான தேனாம்பேட்டையில் வருகிறது. குப்பை, தெருவிளக்கு, அடைத்துக்கொண்ட மழைநீர் வடிகால் எதுவானாலும் 1913க்குப் போன் செய்து புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வடிகாலைத் தூர்வாரச் சொல்லும் புகாரை ஐப்பசி வரை வைத்திருக்காமல் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள்.